வாரேன் என்று சொன்ன வீடு

சேலத்தில் எனக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. வாடகை மூவாயிரத்துக்கு மேல் போகக் கூடாது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். வகுப்பு நடக்கும் இடத்துக்கு நடந்தே போய்விட வேண்டும். வியாழக்கிழமை காலையில் எருமப்பட்டியில் பஸ் ஏறும்போதே இந்த மூன்றையும் விரல் மடக்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் அறை அமையாவிட்டால் படிப்பு இல்லை. எனக்கும் என் மகனுக்கும் அதுதான் பேச்சு.

படிப்பு என்றால் பெரிய படிப்பில்லை. எட்டாம் வகுப்புப் பரீட்சை. பள்ளிக்கூடம் போகாமல் தனியாகவே அதை எழுதலாமாம். எனக்கு அறுபத்து மூன்று வயது. மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பஸ் நின்றால் படித்து முடிப்பேன், ஓடினால் பாதி ஊர் அதோடு போய்விடும். சேலத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, என் மாதிரி ஆட்களுக்குத் தன் வீட்டு மாடியில் நான்கு மாதம் பாடம் எடுக்கிறார். திங்கட்கிழமை தொடங்குவதாகச் சொல்லியிருந்தார்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்கள் நிறையப் பேர். என் கொழுந்தனார் சம்சாரமும் கேட்டாள். "நீ எதுக்குத் தலைக்கு மை பூசறேன்னு நான் கேட்டனா?" என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

தினமும் போய்வரலாம்தான். இரண்டு பஸ் மாற வேண்டும், போக வர ஐந்து மணி நேரம் ஆகும், என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஜலகண்டாபுரத்தில் என் தங்கை இருக்கிறாள், வரச் சொன்னாள். அங்கிருந்தும் பஸ்தான். தவிர, விருந்தாளி மாதிரி ஒறம்பரையாகப் போனால் ஒறம்பரையாகத்தான் இருக்க வேண்டும். இன்னொருத்தி வீட்டில் புத்தகத்தை விரித்துவைத்து உட்கார எனக்கு வராது. அவள் பாத்திரம் கழுவினால் நானும் எழுந்து கழுவுவேன். அப்புறம் எங்கே படிப்பது?

மகன் போர்வெல் ரிக் வண்டியில் இருக்கிறான். அப்போது வெளி மாநிலத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. போனில்தான் சண்டை.

"அம்மா, தனியா ஊடு எடுத்துத் தங்கறதெல்லாம் காலேஜ் புள்ளைங்க பண்றது."

"நானும் படிக்கிற புள்ளைதான் சாமி."

"வெளையாடாத. ராத்திரி எவனாச்சும் வந்து கதவத் தட்டுனா என்ன பண்ணுவே?"

"என்ற மூஞ்சியப் பாத்து அவன்தான் பயந்துக்குவான்."

அவன் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழமை பொழுதோட நான் போன் பண்ணுவேன். நல்ல எடமா, உள்ள தாப்பா போடற மாதிரி ரூம் கெடச்சிருந்தா இரு. இல்லீன்னா அடுத்த பஸ்சுக்கு ஊட்டுக்குப் போயிரோணும். அதுக்கப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றான். சரி என்றேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

அவனிடம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. என் ஆயுசில் ஒரு வீட்டில் தனியாக நான் படுத்ததே இல்லை. பிறந்த வீட்டில் ஏழு பேர். கட்டிக்கொடுத்த வீட்டில் மாமியார், நாத்தனார், அவர், பிள்ளைகள். அவர் போன பிறகு மருமகளும் அவள் பிள்ளைகளும். கதவைச் சாத்தினால் உள்ளே யாராவது இருமும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் வீட்டை டீச்சரம்மாதான் சொல்லியிருந்தார். நான் முன்னாலேயே போன் செய்து, "படிக்கிறதுக்குங்க, ஒரு பொம்பளை, தனியாத்தான்" என்று சொல்லியிருந்தேன். மாடி அறை, கீழே வீட்டுக்காரர் குடும்பம். நல்ல தெருவாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கார அம்மா கேட்டைத் திறந்து என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"புள்ள எங்கம்மா?"

"எந்தப் புள்ளைங்க?"

"படிக்கிற புள்ள."

"நான்தானுங்க."

அந்தம்மா உள்ளே திரும்பி, "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்தார், என்னைப் பார்த்தார், மரியாதையாக நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்கம்மா. வயசானவங்க, தனியா வேற. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்க யாருக்குச் சொல்றது? மேல இருந்து கீழ எப்படி எறக்கறது? படி வேற குறுகல்" என்றார்.

என்னைப் படியில் இறக்குவதைப் பற்றி அவர் யோசித்துவிட்டார். நான் அப்போது தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். கோபத்தில் அந்தக் குறுகல் படியையே ஒரு தடவை ஏறி இறங்கிக் காட்டலாமா என்று தோன்றியது. முழங்காலை நினைத்து விட்டுவிட்டேன்.

இரண்டாவது இடம் வாடகை ரொம்பக் குறைச்சல். ஒரு புரோக்கர் காட்டினார். லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அறையைப் பார்க்கும் முன்னால் தெருவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, முனையில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துத்தான் சரியாகத் தெரியாது, தெரு தெரியும். ஒரு தெருவில் பெண்கள் பயமில்லாமல் இருக்கிறார்களா என்பதை அவர்கள் கையில் இருப்பதை வைத்துச் சொல்லிவிடலாம். ஒருத்தி கீரையோடு நின்று பேசுவாள், ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டில் சர்க்கரை கேட்பாள். அது நல்ல தெரு. இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். இரண்டே இரண்டு பெண்கள் போனார்கள். இரண்டு பேரும் கையை மடக்கிக்கொண்டு, நிலத்தைப் பார்த்து, ஓடாத குறையாகப் போனார்கள்.

புரோக்கர் வந்து, "ரூம் பாக்கலீங்களா?" என்றார்.

"பாத்துட்டனுங்க" என்றேன்.

மூன்றாவது வீட்டை நானேதான் கண்டுபிடித்தேன். டீச்சரம்மா வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை. உள்ளே உட்கார்ந்து கொலுசு கோப்பார்கள், பற்றுப்பொடி வைத்து நெருப்பு ஊதுவார்கள், சலங்கையை ஒட்டிப் பற்ற வைப்பார்கள். ஒரு முட்டுச் சந்தின் கடைசி வீட்டில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. அதில் இருந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, நின்று எழுத்துக் கூட்டினேன். கூட்டி முடிப்பதற்குள் ஓர் அம்மா வெளியே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் கருத்திருந்தது. கொலுசு வேலை செய்கிற கை.

அறையைத் திறந்து காட்டினார். தரைத் தளம், தனிக் கதவு. மூலையில் அடுப்புத் திட்டு. சுவரில் பழைய சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. இரண்டாயிரத்து எண்ணூறு. யாருக்கு என்று கேட்டார், எனக்கு என்றேன். எதற்கு என்றார், எட்டாவது பரீட்சைக்கு என்றேன். "ஓ" என்றார். சாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனாலும் பயந்தேன். கழிப்பறை பின்பக்கம் வாசலைத் தாண்டி இருந்தது, விளக்கு இல்லை. சன்னல் தெருவைப் பார்த்து இருந்தது, வெளியே நிற்கிறவன் கையை உள்ளே விடலாம். சந்துக்கு ஒரே வழிதான், ஓட வேண்டுமானால் வந்த வழியே ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வெள்ளி இருக்கிற இடத்துக்குத் திருடன் வருவான். வெள்ளியைத் தேடி வந்தவன் என் கதவைத் தட்டமாட்டான் என்று என்ன நிச்சயம்? தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுப் பார்த்தேன். அலமாரிப் பலகையில் தூசி கனமாக இருந்தது, என் கை சும்மா இருக்காது, முந்தானையால் துடைத்துவிட்டேன். யோசித்துச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அப்ப நான் வாரேனுங்க."

"சரி, வாங்கம்மா" என்றார் அந்தம்மா.

ராத்திரி தங்கை வீட்டில் படுத்து எழுந்து, வெள்ளிக்கிழமை முழுக்க அலைந்ததில் ஒன்றும் அமையவில்லை. ஒரு விடுதியில் மாணவிகள் மட்டும்தான் என்றார்கள். நானும் மாணவி என்றேன், வார்டன் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொரு வீட்டில் முன்பணம் கேட்ட தொகைக்கு எங்கள் ஊரில் ஒரு கறவை மாடு வாங்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒரு அடுக்குமாடிக்குப் போனேன். பெரிய இரும்புக் கேட், காவல்காரருக்குத் தனிக் கூண்டு, நான்கு மூலையிலும் கேமரா. மொட்டை மாடியில் ஒற்றை அறை. வாடகை என் கணக்குக்கு முந்நூறு ரூபாய் அதிகம், அதைச் சமாளித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் வர அரை மணி நேரம் ஆனது. கேட்டுக்கு உள்ளே நிழலில் நின்றேன். எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காவல்காரர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக வீட்டுக்கு வீடு என்னை ஏற இறங்கப் பார்த்ததற்கு, அது நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டுக்காரர் வந்து தன் போனில் கேமராப் படத்தைக் காட்டினார். "நான் எங்க இருந்தாலும் பாத்துக்கலாம்மா" என்றார். உங்கள் மகன் போனிலேயே ஒரு உறுதி சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்றார்.

மகனுக்கு இந்த இடம் பிடிக்கும். கேமரா என்றால் வாயைத் திறக்கமாட்டான். அவனைக் கூப்பிடலாம் என்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து போனை எடுத்தேன். கையிலேயே அது அடித்தது.

"ஏம்மா, வாரேன்னு சொல்லிட்டுப் போனீங்க, ரெண்டு நாளா ஆளையே காணோம்?"

"ஆருங்க?"

"கொலுசுக்காரி வீடு. அட்டையில இருந்த நம்பருக்கு மிஸ்டு கால் குடுத்தீங்கல்ல? அதைப் பாத்துத்தான் கூப்பிடறேன். சுண்ணாம்பு அடிச்சாச்சு. நேத்து நர்சுக்குப் படிக்கிற ரெண்டு புள்ளைங்க வந்து ரூம் கேட்டுச்சுங்க. ஆள் வராங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்க எப்ப சாமான் கொண்டுவர்றீங்க?"

எங்கள் பக்கம் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டமாட்டார்கள். தண்ணீர் எடுக்கப் போனாலும் வாரேன்தான், பங்காளியோடு சண்டை போட்டு ஜென்மத்துக்கும் உன் படி மிதிக்கமாட்டேன் என்று சொன்னாலும் கடைசியில் வாரேன்தான். நான் கிளம்புவதைச் சொன்னேன். அந்தம்மா நான் குடிவருவதாகக் கேட்டுக்கொண்டார்.

"அதுங்க... நான் பொறப்படறப்பச் சொன்னதுங்க. எல்லாருஞ் சொல்றதுதானுங்களே."

அந்தம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியாதாம்மா? நான் என்ன வடக்க இருந்தா வந்தேன்? சும்மா சொன்னா அது போறதுக்குச் சொல்றது. நீங்க தாப்பாளைப் போட்டுப் பாத்தீங்க. அலமாரியைத் தொடைச்சீங்க. அதுக்கப்புறம்தானே வாரேன்னீங்க? தொடைச்சிட்டுச் சொன்னா அது வேற."

நான் நேரில் வந்து பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். தங்கப் போகாத வீட்டில் எவளாவது தூசி துடைப்பாளா?

சொன்ன சொல் மாறாதவள் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பேர் உண்டு. கிணற்று வழக்கில் சாட்சி சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பேர்தான் இப்போது என்னைப் பயமுறுத்தியது. ரோசத்துக்காகப் போய் நான் பயந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வேனோ, அங்கே ஏதாவது ஆகிவிட்டால் 'அப்பவே சொன்னேன்' என்று மகன் சொல்வானோ? வேண்டாம். நேரில் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது. அங்கிருந்தே அடுக்குமாடிக்காரருக்குப் போன் போட்டுவிடுவது. அப்படி முடிவு செய்துகொண்டுதான் நடந்தேன்.

அந்தச் சந்தில் நுழையும்போது விளக்குப் போடும் நேரம். வியாழக்கிழமை நான் வந்தது நல்ல வெயிலில். அப்போது கதவுகள் சாத்தியிருந்தன. இப்போது எல்லாம் திறந்திருந்தன. முதல் வீட்டு வாசலில் பைக்கில் சாய்ந்துகொண்டு ஒருவன் நின்றான்.

"யாரு வேணும்?"

எனக்குத் திக்கென்றது. கடைசி வீடு என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன். நான்கு அடி போவதற்குள் மேலே துணி எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "யாரும்மா அது? எந்த வீடு?" என்றாள். அவளுக்கும் கையைக் காட்டினேன். சைக்கிளில் வந்த ஒரு சின்னப் பெண் காலை ஊன்றி நின்று, "பாட்டி, யாரைப் பாக்கணும்?" என்றது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அடுத்த படியில் மடியில் தட்டு வைத்துக் கொலுசுக்குச் சலங்கை எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி, தலையைத் தூக்காமலே, "பையில என்னங்க?" என்றாள்.

"பூசணிக்கா. பாக்கறியா?"

"காட்டுங்க பாப்போம்."

நிசமாகவே கையை நீட்டினாள். விடமாட்டாள் போலிருந்தது. பையைத் திறந்து காட்டினேன். ஒரு நாற்பது பக்க நோட்டு, இரண்டு பேனா, கண்ணாடிக் கூடு.

"அட, படிக்க வர்ற அம்மாவா! சுண்ணாம்பு அடிச்ச ரூமுக்கா?" என்று அவள் சிரித்தாள். மேலே பார்த்து, "அக்கா, நம்ம ரூம்காரம்மாதான்" என்று குரல் கொடுத்தாள். மேலே இருந்தவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பைக்கில் சாய்ந்திருந்தவன் வண்டியைக் கிளப்பினான்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வீடு வெள்ளி இருக்கிறது. அதனால் தெரியாத ஆள் ஒருவன் இந்தச் சந்தில் பத்தடி நடக்க முடியாது. நாலு பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். திருடனை நினைத்து நான் எதற்குப் பயந்தேனோ அதற்காகவே இந்தத் தெரு முழுக்க முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மத்தியானம் அந்த அடுக்குமாடியில் அரை மணி நேரம் நின்றேன். நான் யார் என்று கேட்க ஒரு நாதி இல்லை. என்னைக் கேட்காதவர்கள் வேறு எவனையும் கேட்கமாட்டார்கள். கேமரா பார்க்கும், கேட்காது.

இதனால் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். தினமும் பையைத் திறந்து காட்டும் ஆள் நான் இல்லை. கழிப்பறை அதே தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கொலுசுக்கார அம்மா கதவைத் திறந்தபோது, நடந்து வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவந்த மன்னிப்பு வாயில் வரவில்லை.

"சன்னலுக்குக் கம்பி வலை அடிச்சுத் தருவீங்களா?" என்றேன்.

"அடிக்கலாம்."

"பின்னால ஒரு பல்பு?"

"வயர் இழுத்துத் தரேன். பல்பு நீங்க வாங்கிக்குங்க." பிறகு அவரும் ஒன்று கேட்டார். "பாடம் சத்தமாப் படிப்பீங்களா?"

"எழுத்துக் கூட்டித்தானுங்க வரும். சத்தமில்லாம வராது."

"படிங்க, படிங்க. எங்க வேலைச் சத்தத்துக்கு உங்க சத்தம் ஒண்ணுமில்ல. அந்த நர்சுப் புள்ளைங்களுக்கு எதிர்ச் சந்துல ஒரு ரூம் சொல்லிவிட்டேன். அதை நெனைச்சு நீங்க ஒண்ணும் வரவேண்டாம். புடிச்சா வாங்க."

என்னால்தானே அந்தப் பிள்ளைகளுக்கு அறை போயிற்று என்று நான் நினைத்ததை எப்படித்தான் கண்டுகொண்டாரோ. அப்படிச் சொன்ன பிறகு குடிவராமல் இருக்கவும் முடியவில்லை. வருவதும் வராததும் என் இஷ்டம் என்று ஆனதும்தான் எனக்குத் தைரியம் வந்தது. முன்பணத்தைக் கையில் கொடுத்தேன்.

அன்று ராத்திரியே ஊருக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஒரு தகரப் பெட்டி, ஒற்றை அடுப்பு, பாய், ஒரு படி அரிசி எல்லாவற்றோடும் வந்து இறங்கினேன். ஆட்டோவிலிருந்து கடைசி வீடு வரைக்கும் பெட்டியைத் தூக்கிவர மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் கேள்வி கேட்டுக்கொண்டே தூக்கினார்கள். எத்தனை பிள்ளைகள், மருமகளோடு சண்டையா, எந்த சாதி, சர்க்கரை இருக்கிறதா என்று. சர்க்கரைக்கு மட்டும் பதில் சொன்னேன்.

வலை அடித்திருந்தார்கள். பல்பை மாட்டி எரியவிட்டுப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை. என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. பாயை விரித்தேன், சுருட்டினேன், வேறு பக்கம் விரித்தேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"என்னம்மா, கெடச்சுதா?" மகன்தான். பின்னால் ரிக் ஓடுகிற சத்தம்.

"கெடச்சிருச்சு சாமி. உள்ளதான் நிக்கறேன்."

"எப்படி எடம்?"

"எல்லாரும் கேள்வி கேக்கற எடம்."

அவனுக்குப் புரியவில்லை. "தாப்பா இருக்குதா?"

"இருக்குது."

"போடு. போனக் கிட்டக்க வெச்சுப் போடு, எனக்குச் சத்தம் கேக்கோணும்."

ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் தாழ்ப்பாளைத் தள்ளினேன். அங்கே யாரையோ அதட்டி அவன் வண்டியை நிறுத்தச் சொன்னான். சத்தம் அடங்கியது.

"கேக்கல. இன்னொருக்கா."

திறந்து, மறுபடியும் போட்டேன்.

"என்னம்மா, கடகடங்குது? ஆடுதா தாப்பா?"

"பழசு சாமி. அப்படித்தான் இருக்கும்."

தாழ்ப்பாள் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆடியது என் கை. அந்தப் பக்கம் வண்டி மறுபடி கிளம்பியது.

"சரி, படி" என்றான்.